தம்பிக்குப் பதில் எழுதுமுன்

ஒட்டுசுட்டான்

அன்பின் நண்பனுக்கு,

இங்கு யாவரும் நலம். காலபோக அறுவடையும் நெல் காயவிடுவதுமாக நாட்கள் ஓடிவிட்டதால் உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பிந்திவிட்டது. இப்போது எழுதுவது தம்பிக்காக. புற்றுநோய் வந்துவிட்டதென்ற பயத்தில் தன் கழுத்தைப் படமெடுத்து உனக்கும் வட்சப்பில் அனுப்புகிறான் என்று நேற்றுத்தான் அறிந்தேன்.

பெரியத்தான் தெல்லிப்பழை வைத்தியசாலையில் வாய்ப்புற்றுநோயோடு கிடந்தபோது இரவில் துணை நின்றவன் அவன்தான். பெரியத்தான் இறந்து எட்டுச் செலவு முடிந்த கையோடு தம்பிக்குத் தடிமனும் தொண்டை நோவும் வந்து, தாடைக்குக் கீழே பயறளவில் நெறி கட்டியது. கிளிநொச்சியில் வைத்தியர் தடவிப் பார்த்து, ஸ்கானும் எடுப்பித்து, அது தொண்டை அழற்சியால் வீங்கிய நெறிதான் என்று சொல்லியனுப்பினார். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டவன், இரண்டு நாள் கழிய, "ஸ்கான் பிழையாக இருக்காதோ?" என்று தொடங்கினான். பெருவிரலால் ஓயாமல் அழுத்துகிறான். அழுத்தியதால் அந்த இடம் சிவந்து நோகிறது. நோவதால் அது புற்றுநோய்தான் என்கிறான்.

முள்ளிவாய்க்கால்வரை போய் மீண்டவன் இதற்கா நடுங்குகிறான் என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தருகிறது. அவன் நடிக்கவில்லை; நெஞ்சு படபடப்பதும் நித்திரை கெடுவதும் மெய்யாகவே நடக்கின்றன.

மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் விளக்கியது இதுதான்: "ஒன்றுமில்லை" என்று நாம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவனுக்குச் சற்று நேரம் ஆறுதல் கிடைக்கிறது, அந்த ஆறுதல் வடிந்ததும் சந்தேகம் முன்னிலும் பலமாக எழுந்து, மறுபடி கேட்கச் சொல்கிறது. போனில் தேடுவதும், தடவிப் பார்ப்பதும், வைத்தியரை மாற்றி மாற்றிக் காட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே அறிகை நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சையில், தொட்டுப் பார்க்கும் உந்துதல் வரும்போது அதைச் சிறிது சிறிதாகப் பிற்போடவும், நிச்சயமின்மையைப் பொறுத்துக்கொண்டு வேலையைத் தொடரவும் பழக்குகிறார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

இதே பயத்தின் மறுபக்கம் சின்னம்மா. வெற்றிலையும் புகையிலையுமாகவே இருக்கும் அவர், பெரியத்தானின் வருத்தத்தைக் கண்ட பின் வாயைத் திறந்து காட்டவே மறுக்கிறார். பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியிலேயே சொல்லிவிட்டது. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணையும், காரணமின்றி உடல் மெலிவதையும், குறையாது பெரிதாகிவரும் கட்டியையும் கட்டாயம் காட்டவேண்டும். ஒருவனைக் கிளினிக்குக்கு ஓடாமல் மறிக்கவும் மற்றவரை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டியிருக்கிறது. சின்னம்மாவுக்கு நீயும் ஒருமுறை சொல். உன் சொல்லை அவர் தட்டமாட்டார்.

தம்பிக்கு மட்டும், படம் வந்தால் "ஒன்றுமில்லை" என்றோ "எதற்கும் இன்னொருக்கால் காட்டு" என்றோ எழுதாதே. அவனைத் திட்டவும் வேண்டாம். "உனக்குப் பயமாக இருப்பது விளங்குகிறது, இதை அடுத்த கிளினிக்கில் கதை" என்று எழுதிவிட்டு, குளத்துக்குக் கீழே அவன் புதிதாக எடுத்த காணியைப் பற்றிக் கேள். சிறுபோகத்துக்கு உழுந்தா பயறா என்று உன்னோடு வாதாட அவனுக்கு நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்