எதை ஒழிக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலினம், அதாவது ஆண் இப்படி, பெண் இப்படி இருக்க வேண்டும் என்று சமூகம் வகுத்த ஏற்பாடே, ஒழிய வேண்டுமா என்ற பெண்ணிய விவாதத்தை, 'ஆணும் பெண்ணும் ஒன்று என்கிறார்கள்' என்று பலரும் சுருக்கிவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. நீதியான சமூகத்தில் ஒருவர் ஆணா பெண்ணா என்பது, கண்ணின் நிறத்தைவிடப் பெரிய விஷயமாக இருக்காது என்று பெண்ணியத் தத்துவவாதி சூசன் மோலர் ஓகின் 1989-இல் எழுதினார். உடல் வேறுபாட்டை அவர் மறுக்கவில்லை. பெண் என்பது சமூகம் கீழே வைத்த ஓர் இடம், அநீதி போனால் அந்த இடமும் போகும் என்பது இன்னொரு தத்துவவாதியான சாலி ஹாஸ்லாங்கர் 2000-இல் வைத்த வாதம். அப்படி வரையறுத்தால், சமூகம் பெண்ணாகப் பார்க்காத திருநங்கையர் சிலர் விடுபட்டுப் போவார்கள் என்று 2016-இல் தத்துவவாதி கேத்தரின் ஜென்கின்ஸ் மறுத்தார். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது.

முழங்கால் சிராய்த்து அழும் பையனிடம் "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்கிறோம். அவன் தங்கை அழுதால் தூக்கிக்கொள்கிறோம், ஆனால் எல்லோரும் சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொல்வது அவளைத்தான். இதெல்லாம் நாளைக்கே ஒழியட்டும். ஆனால் பல வருடம் போராடித் தன்னைப் பெண் என்று சொல்லும் உரிமையைப் பெற்ற திருநங்கையிடம், அதையும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பதிவேடுகளில் ஆண், பெண் என்ற பிரிவை இப்போதே எடுத்துவிட்டால் சம்பள வித்தியாசத்தை எதை வைத்துக் காட்டுவது? பாலின ஒழிப்பை ஆதரிப்பவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி