கம்போசிட்டிங் பயிற்சியில் விடுபடும் அடிப்படை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் விஷுவல் எஃபெக்ட்ஸ், மோஷன் கிராஃபிக்ஸ் பயிற்சிக்கான விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. பெரும்பாலானவற்றில் மென்பொருள்களின் பெயர்கள்தான் பெரிதாக இருக்கின்றனவே தவிர, படிப்பை முடித்தவருக்கு என்ன வேலை கைவந்திருக்கும் என்பது சொல்லப்படுவதில்லை. தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே படமாக இணைக்கும் கம்போசிட்டராகப் பணிபுரியும் எனக்கு, வேலை கேட்டு வருவோரின் ஷோரீல்களிலேயே (தாங்கள் செய்த வேலைகளின் மாதிரிக் காணொளிகளிலேயே) இதன் விளைவு தெரிகிறது.

பச்சைத் திரையின் முன் எடுத்த ஒருவரை வேறொரு பின்னணியில் பொருத்தியதும், தலைமுடி ஓரத்தில் கறுப்பாகவோ வெளிறியோ மெல்லிய கோடு தெரிந்தால், தவறு பெரும்பாலும் கணக்கில்தான். ஓரத்துப் புள்ளிகளின் நிறம் ஆல்பா மதிப்பால் (அந்தப் புள்ளி எவ்வளவு ஒளிபுகாதது என்பதைக் குறிக்கும் எண்ணால்) முன்பே பெருக்கப்பட்டிருந்தால், அதை வகுத்து நீக்கிய பிறகே நிறத்தைத் திருத்த வேண்டும். திருத்திய பின் மறுபடி பெருக்க வேண்டும். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-லேயே முறைப்படுத்தி எழுதிய இந்தக் கணக்கைச் சொல்லித்தராமல் பட்டன்களை மட்டும் காட்டி அனுப்பினால், மாணவர் அந்தக் கோட்டை மறைக்க ஓரத்தை மங்கலாக்குகிறார். கோட்டோடு முடியும் போய்விடுகிறது. பின்னணியின் கருமைக்கும் கிரெயினுக்கும் (படத்தில் தெரியும் நுண்துகள் தன்மைக்கும்) ஒளி விழும் திசைக்கும் ஏற்ப உருவத்தை இசைவிப்பது அதற்கு அடுத்த பாடம். அதுவரை பலர் வருவதேயில்லை.

அசையும் உருவத்தின் ஓரத்தை வரைந்து பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் ரோட்டோவைக் கீழ்நிலை வேலையாகக் கருதி ஓரிரு வகுப்புகளில் கடந்துவிடுவதும் சரியன்று. விநாடிக்கு 24 வீதம் ஐந்து விநாடி ஷாட்டில் 120 ஃபிரேம்கள் உண்டு. கையை ஒரே வடிவமாக வரையாமல் மேற்கை, முன்கை, உள்ளங்கை எனப் பிரித்து வரைந்து, அசைவு திசைமாறும் ஃபிரேம்களில் மட்டும் கீ வைக்கத் (வடிவத்தின் நிலையைப் பதிக்கத்) தெரிந்தவருக்கே ஓரம் நடுங்காமல் வரும். புதியவர்களில் பலருக்கு முதலில் கிடைக்கும் வேலையும் இதுதான்.

மோஷன் கிராஃபிக்ஸில் டெம்ப்ளேட் (ஆயத்த வார்ப்புரு) மோகம் தனித் தொல்லை. ஆங்கில எழுத்துகளுக்காக அமைத்த டெம்ப்ளேட்டில் தமிழ்த் தலைப்பை இட்டால், கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகப் பிரிந்து பறப்பதைத் தொலைக்காட்சியிலேயே காண நேர்கிறது.

மென்பொருள் விலையைக் காட்டிக் கட்டணத்தை உயர்த்துவதற்கும் இன்று முகாந்திரம் குறைவு. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் இலவசம், படத்தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே கம்போசிட்டிங்கிற்கான ஃபியூஷன் இருக்கிறது, மற்றொரு கம்போசிட்டிங் மென்பொருளான நியூக்கிற்கும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு உண்டு. பிளெண்டர் அமைப்பு 2012-இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படத்தின் மூலக் காட்சிப்பதிவுகளும் பயிற்சிக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

எனவே, தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியானாலும் தனியார் மையமானாலும், சேர்க்கைக்கு முன் பெற்றோர் அங்கே படித்த மாணவர்களின் ஷாட்களை, மூலப் பதிவையும் முடித்த வடிவத்தையும் அருகருகே வைத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். காட்டத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கம்போசிட்டிங் கலைஞர் ஒருவர்,
வடபழனி, சென்னை.