ஸ்ரீரங்கம் – மேலூர் சாலையில் ஞாயிறு காலைகளில் குழந்தைகள் சைக்கிளில் சென்றுவரப் பாதுகாப்பு கோரும் மனு

அனுப்புநர்
பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர் பதினொரு குடும்பத்தார் சார்பில்,
இரு குழந்தைகளின் தாய்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 9 மணி வரை ஸ்ரீரங்கம் – மேலூர் – வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சாலையில் கனரக வாகனங்களை நிறுத்திவைக்கவும், மற்ற வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவிலும் வசிக்கும் பதினொரு குடும்பத்தார் கையொப்பமிட்டுள்ள இந்த மனுவை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம். வாரத்தில் ஒரே ஒரு நாள், மூன்று மணி நேரம், எங்கள் பிள்ளைகள் எங்களுடன் அச்சமின்றிச் சைக்கிள் ஓட்டிச் சென்று திரும்புவதற்கு ஒரு சாலை வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு எங்கள் ஊர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஏற்றம் இறக்கம் இல்லாத தரை, இருபுறமும் வாழைத் தோட்டம், ஆற்றுக் காற்று என்று, சைக்கிள் பழகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். இதே தீவில்தான், 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் இருந்துவரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் உள்ளது. எட்டு வயதுப் பிள்ளை தன் சிறிய சைக்கிளில் வழியில் இரண்டு மூன்று முறை நின்று தண்ணீர் குடித்துக்கொண்டு போனாலும், ஒரு மணி நேரத்துக்குள் பூங்காவைச் சென்றடைந்துவிட முடியும். திருச்சி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் குழந்தைகளை வெளியே வைத்திருக்க முடியாது என்பதால், ஆறு மணிக்குக் கிளம்பி, ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, ஒன்பது மணிக்குள் வீடு திரும்புவது என்பதே எங்களால் இயன்ற ஒரே ஏற்பாடு. மேலே கேட்டுள்ள நேரம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

நாங்கள் எப்படிச் செல்கிறோம் என்பதையும் சொல்ல விரும்புகிறேன். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள், எல்லோரும் இடது ஓரமாக ஒரே வரிசையில். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சைக்கிளிலும் காற்றையும் பிரேக்கையும் சோதித்துக்கொள்கிறோம். வரிசையில் இருப்பவர்களில் யாருடைய வேகம் மிகக் குறைவோ அதுவே எல்லோருடைய வேகம். சென்ற மார்கழியில் ஒரு நாள், என் மகளின் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. என் கணவர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது, சாலையோர எருக்கஞ்செடியின் அருகில் குந்தியிருந்த அவள் திடீரென்று எங்களைக் கைகாட்டி அழைத்தாள். இலையின் அடிப்புறத்தில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஒரு புழு, இலையை ஓரத்திலிருந்து அரைவட்டமாகக் கத்தரித்துத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு என்பதை, அவள் பூங்காவில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எருக்கம்பாலின் நச்சை அந்தப் புழு தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால், பறவைகள் அதைத் தின்ன அஞ்சும் என்று அங்கே அறிந்ததை, அன்று முழுவதும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இதே சாலையில் நாங்கள் பலமுறை காரில் சென்றிருக்கிறோம். அந்த எருக்கஞ்செடி அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019ஆம் ஆண்டு அறிவித்த நம் அரசு, பிள்ளைகள் இப்படிப் பார்த்துப் பழக வேண்டும் என்பதையும் விரும்பும் என்று நம்புகிறோம்.

அந்தப் பயணத்துக்குப் பின் மூன்றாவது ஞாயிறன்று நடந்த ஒன்றே இந்த மனுவுக்குக் காரணம். வளைவு ஒன்றில் பின்னால் வந்த சரக்கு வாகனம், எங்கள் வரிசையை முந்துவதற்காக மிக நெருக்கத்தில் வந்து காற்று ஒலிப்பானை அழுத்தியது. அந்தச் சத்தத்தில் என் மகள் பதறிப்போய் ஹேண்டில்பாரை இடதுபக்கம் ஒடித்துவிட்டாள். தார்ச் சாலையின் ஓரம் அந்த இடத்தில் ஒரு சாண் அளவுக்குப் பள்ளமாக இறங்கியிருந்ததால், முன்சக்கரம் மண்ணில் இறங்கி, அவள் குப்புற விழுந்தாள். முழங்காலும் உள்ளங்கையும் சிராய்த்துக்கொண்டதோடு போயிற்று. அவள் வலப்பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் இன்னும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓட்டுநர் மீது நடவடிக்கை கேட்டு நாங்கள் வரவில்லை. அவரும் விடிவதற்குள் சரக்கைச் சேர்க்க வேண்டிய அவசரத்தில் இருந்திருப்பார். ஆனால் அன்று முதல் என் மகள் அந்தச் சாலையில் சைக்கிளை எடுக்க மறுக்கிறாள். எங்களுடன் வந்துகொண்டிருந்த நான்கு குடும்பத்தினர் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகளின் சைக்கிள்கள் காற்றிறங்கிப்போய்ச் சாய்ந்து நிற்கின்றன.

நாங்கள் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 115ஆவது பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு, குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசும் அது அதிகாரமளித்த அலுவலரும் உத்தரவிடலாம். அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேற்படாததாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டிய தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே, நிரந்தர உத்தரவைக் கேட்டுத் தங்களுக்குச் சிரமம் தராமல், முதலில் ஒரு மாதம், அதாவது நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், சோதனை முறையில் இதைச் செய்து பார்க்குமாறு வேண்டுகிறோம். அதில் இடையூறு ஏதேனும் தெரிந்தால், நாங்களே மேற்கொண்டு வற்புறுத்த மாட்டோம்.

இந்தச் சாலையை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. நகரப் பேருந்து, ஆம்புலன்ஸ், பால் வண்டி, தோட்டத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிவரும் விவசாயிகளின் வண்டி ஆகியவற்றுக்கு எந்தத் தடையும் கூடாது என்பதே எங்கள் கருத்தும்; மேலூர் விவசாயிகள் சிலரிடம் பேசி, அவர்கள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறோம். வேறு வழியில் செல்லக்கூடிய கனரக வாகனங்களை மட்டும் அந்த மூன்று மணி நேரம் நிறுத்திவைத்து, மற்றவை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதவாறு தற்காலிகப் பலகைகளும் இரு முனைகளில் காவலர்களும் இருந்தால் போதுமானது.

இதனோடு சேர்ந்த சிறு வேண்டுகோள்களும் உண்டு. தார்ச் சாலையின் ஓரம் பள்ளமாகிக் கிடக்கும் இடங்களில் கிராவல் கொட்டிச் சமப்படுத்த நெடுஞ்சாலைத் துறைக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். என் மகள் விழுந்த இடத்தை உடன்வந்து காட்ட நாங்கள் தயாராக உள்ளோம். பூங்காவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலை 7 மணிக்கே திறக்கவும், வாயிலருகே சைக்கிள்களை நிறுத்தப் பூட்டுப்போடத் தகுந்த தாங்கி ஒன்றை அமைக்கவும் வனத்துறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வழியில் ஓரிடத்திலாவது குடிநீரும், பெண் குழந்தைகள் பயன்படுத்தத் தக்க கழிப்பறையும் தேவை. மேட்டூரில் தண்ணீர் திறந்து, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரி நீர் விடப்படும் நாட்களில் இரு கரைகளிலும் ஆபத்து என்பதை அறிவோம். 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை இந்தத் தீவில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அத்தகைய வாரங்களில் நீர்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துப் பயணத்தை நாங்களே கைவிடுவோம். பிள்ளைகளை ஆற்றில் இறங்க விடுவதில்லை என்பதில் பதினொரு குடும்பமும் உறுதியாக இருக்கிறோம்.

ஒரு செய்தியைக் குறிப்பிட அனுமதி கோருகிறேன். என் தாய் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1974ஆம் ஆண்டுவரை அந்த மாவட்டம் திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களோடு இருந்ததுதான். 1990களின் தொடக்கத்தில் அங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சித்தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகுவதை அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். அப்போது சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குரங்குப்பெடல் போட்டு, களத்துமேட்டில் பழகியவர்களில் என் தாயும் ஒருவர். அடுத்த ஆண்டு என்னைக் கேரியரில் உட்காரவைத்து அவரே பள்ளிக்கு அழைத்துச் சென்றார். எனக்கு இந்தப் பழக்கம் வந்தது அவரிடமிருந்துதான். அவருக்கு வந்தது ஓர் ஆட்சித்தலைவர் எடுத்த முடிவால். இன்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி தருகிறது. அந்த வயதுக்கு முன்பே அதை நிதானமாக, சாலை விதி தெரிந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பெற்றோராகிய நாங்கள் ஏற்க விரும்புகிறோம்.

சோதனை நடக்கும் நான்கு ஞாயிறுகளிலும், எங்களில் பெரியவர்கள் பத்துப் பேர் ஒளிரும் மேலாடை அணிந்து வளைவுகளிலும் சந்திப்புகளிலும் நின்று காவலர்களுக்கு உதவுவோம். வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஏற்பட்ட இடையூறுகளையும் எழுதிவைத்து, மாத முடிவில் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்போம். காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை அலுவலர்களுடன் ஒருமுறை அந்தச் சாலையை நேரில் பார்வையிடத் தாங்கள் ஒரு நாள் குறித்தால், நாங்களும் பிள்ளைகளோடு சைக்கிளில் வந்து காத்திருப்போம். எங்கள் மனுவை ஏற்று ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் மற்றும் பதினொரு குடும்பத்தார்

இடம்: ஸ்ரீரங்கம்
இணைப்பு: கையொப்பப் பட்டியல், சாலை ஓரம் பள்ளமாக உள்ள இடங்களைக் குறித்த கைவரைபடம்