விரால் குஞ்சுக்குக் காவல்

அன்புள்ள கண்ணு,

மருமகளும் குழந்தையும் இன்னும் மூன்று மாதம் தாய்வீட்டில்தான் இருப்பார்கள். "பிள்ளை வளர்ப்பு தாய்க்கென்று இயற்கையே வகுத்தது, நான் வந்து என்ன செய்ய?" என்று போனில் கேட்டாய். இயற்கை அப்படி வகுக்கவில்லை.

நம் கிணற்றுமேட்டு ஈச்சமரத்துத் தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள். கூடு பின்னுவது ஆண். பாதி பின்னி, நடுவே குறுக்குப் பட்டை போட்டதும் பெண் வந்து உட்கார்ந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் முட்டையறையை மூடி, கீழ்நோக்கிய குழாய் வாசலை ஆண் பின்னி முடிக்கும். முட்டை வைத்ததும் அடைகாப்பது பெண்; ஆண் பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடும். அதற்கு இன்னொரு கூடு என்றால் இன்னொரு துணை. ஏரியில் இலைக்கோழி நேர்மாறு: பெண் முட்டையிட்டுப் போய்விடும், அடைகாத்துக் குஞ்சை நடத்துவது ஆண். விராலிலும் தகப்பன் காவல் உண்டு. சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மேலே கொப்பளிக்கிற இடத்துக்கு அடியில்தான் பெரிய மீன் நிற்கும்.

அதிகம் செலவழித்தது தாய், ஆகவே விடாமல் காப்பதும் அவள் என்ற விளக்கம் 1972இல் உயிரியலாளர் டிரிவர்ஸ் எழுதியதிலிருந்து பரவியது. அதிலுள்ள பிழையை 1976இல் டாக்கின்ஸ், கார்லைல் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்: இதுவரை செய்த செலவுக்காகவே விடாமல் இருப்பது கணக்காகாது. 800 அடி போர்க்கிணறு போட்டாயிற்றே என்று மேலும் இறக்கினால் கடன்தான் ஏறும். இனிமேல் தண்ணீர் வருமா என்பதுதான் கணக்கு. குஞ்சு தன்னுடையதுதானா, விட்டுப்போனால் வேறு துணை கிடைக்குமா, கூட இருந்தால் குஞ்சு பிழைப்பது எவ்வளவு கூடும்: ஆண் இருப்பதும் போவதும் இவற்றைப் பொறுத்தது. பாலூட்டிகளில் கருப்பையும் பாலும் தாயிடம் இருப்பதால் நூற்றுக்குப் பத்து இனத்தில்கூடத் தகப்பன் பராமரிப்பதில்லை. மனிதன் அந்தச் சிலவற்றில் ஒன்று. நம் பிள்ளை தானே தேடித் தின்ன எத்தனை வருடம் ஆகிறது, பார்.

உடம்பும் அதற்கு இணங்குகிறது. பிலிப்பைன்ஸின் செபூவில் 624 இளைஞர்களை 2005இலும் 2009இலும் சோதித்தார்கள். இடையில் தகப்பனானவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வெகுவாக இறங்கியிருந்தது. தினம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. இந்த முடிவு 2011இல் வெளியானது. ஆனால் எட்ட நின்றால் கை பழகாது. தாய்வீட்டு வழக்கத்தில் எனக்குள்ள ஒரே குறை இதுதான்: முதல் மாதங்களில் தகப்பன் விருந்தாளியாகிவிடுகிறான்.

அதனால் சனிக்கிழமை வந்தால் திங்கள் விடிகாலை வரை இரு. சட்டையைக் கழற்றி, குழந்தையை நெஞ்சில் நிமிர்த்திப் படுக்க வை. முதுகுக்கு மேல் ஒரு துணி. முகம் ஒரு பக்கம் திரும்பி மூக்கு தெரிய வேண்டும். உனக்குக் கண் சொக்கினால் உடனே இறக்கிப் பாயில் மல்லாக்கப் படுக்க வை. பால் குடித்ததும் தோளில் சாய்த்து 10 நிமிடம் முதுகை நீவு, ஏப்பம் வரும். எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: குழந்தை சிணுங்கியதும் தாயிடம் நீட்டிவிடுவது. பசி இல்லையென்றால் கொடுக்காதே. ஈரமா பார், தோள் மாற்று, நட. ராத்திரி இரண்டு மணிப் பால் முடிந்ததும் நீ வாங்கிக்கொள், அவள் தூங்கட்டும்.

அன்புடன்,
அம்மா
பாலக்கோடு