சுட்டிக்கு நான் செஞ்ச அநியாயம்

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

டேய் மாப்ளே,

நீ போட்ட ரெண்டு கடிதத்துக்கும் ஆறு மாசமா பதில் இல்ல. திட்டு, வாங்கிக்கறேன். முட்டி வலி அப்படியேதான், பேரன் ஒண்ணாவது போறான், வீட்ல எல்லாரும் சௌக்கியம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினப்ப நம்ம கிண்டி குதிரை ரேஸ் நோட்டு கிடைச்சது. 1991 சீசன். பாதியைக் கரையான் தின்னுருச்சு, உன் கோழிக்கிறுக்கல் பக்கங்களை மட்டும் அதுகூடத் தொடல. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் பேனாவும் கையுமா உக்காந்துட்டேன். "மறுபடியும் குதிரையா?"ன்னு அவ பார்த்தா பாரு ஒரு பார்வை! காசு கட்டல தாயே, வெறும் கணக்குன்னு சாமி படத்து மேல சத்தியம் பண்ணினேன்.

சுட்டிங்கற குதிரை ஞாபகம் இருக்கா? நவம்பர் மழையில 1200 மீட்டரை 1 நிமிஷம் 16.1 செகண்டுல ஜெயிச்சது. ஜனவரியில, காய்ஞ்ச தரையில, கறுப்பன்ங்கற குதிரை அதே தூரத்தை 1 நிமிஷம் 14.6. ரெண்டும் பிப்ரவரியில மோதினப்ப, "ஒன்றரை செகண்டுன்னா ஏழு லெங்த்துடா, ஏழு குதிரை நீளம், பைத்தியமா உனக்கு?"ன்னு உன் காசையும் பிடுங்கிக் கறுப்பன் மேல கட்டித் தோத்தவன் நான்.

ஏற்காடு பஸ்ஸை நினைச்சுக்கோ. பனிமூட்டத்துல இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறின டிரைவரையும், பளிச்சுனு வெயில்ல ஏறினவரையும் கடிகாரத்தை மட்டும் பார்த்து எடை போடுவியா? அன்னைக்கு ஏறின மத்த பஸ் எல்லாம் எவ்வளவு லேட்டுன்னுதானே பார்ப்பே? அதைத்தான் இப்ப செஞ்சேன். ஒவ்வொரு தூரத்துக்கும் கிளாசுக்கும் (குதிரைங்களோட தரத்துக்கும்) காய்ஞ்ச நாள்ல ஜெயிச்ச நேரத்தோட சராசரி எடுத்து, அந்த மழை நாள்ல மத்த ரேஸ்ல ஜெயிச்ச நேரத்தோட ஒப்பிட்டேன். 1000 மீட்டர்ல ஒண்ணே முக்கால் செகண்ட் தாமதம், 1600ல 2.8. அதாவது 200 மீட்டருக்கு 0.35. அப்ப 1200க்கு 2.1. கழிச்சா சுட்டி ஓடினது 1 நிமிஷம் 14! கறுப்பன் ஓடின நாள்ல தரை கல்லு மாதிரி, எல்லாமே 0.3 செகண்ட் வேகம். அதைக் கூட்டினா அவன் 1 நிமிஷம் 14.9. செகண்டுக்கு அஞ்சு லெங்த்னு வை, சுட்டி நாலரை லெங்த் மேல.

இதுலயும் ஓட்டை உண்டு. ஒரு ரேஸ்ல ஜாக்கிங்க எல்லாரும் கடைசித் திருப்பம் வரைக்கும் குதிரையை இழுத்துப் பிடிச்சுகிட்டே போனாங்கன்னு நீ குறிச்சிருக்கே. அது தரையோட தப்பில்ல, அதனால கணக்குல சேர்க்கல. நடுவுல மழை வந்தா ஒரே நாளையே ரெண்டா வெட்டணும். இப்பல்லாம் தரை எவ்வளவு இளகியிருக்குன்னு கம்பியை இறக்கிப் பார்த்து பெனிட்ரோமீட்டர் ரீடிங் சொல்றாங்க. அது அளந்த நேரத்துக்குத்தான் சரி. அதோட ஃபால்ஸ் ரெயிலை, அதான் ஓடுற பாதை ஓரத்துல நகர்த்தி வைக்கிற தடுப்பை, தள்ளி வெச்சாலும் நேரம் மாறும்.

1996ல சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம்னு சொன்னப்ப, "நம்மகிட்ட இருந்தாத்தானே"ன்னு சிரிச்சே. உன்கிட்ட இருந்திருக்குடா. அந்த மழை நாள் பக்கத்து ஓரத்துலயே எழுதி வெச்சிருக்கே: "சேறு. எல்லாமே ஸ்லோ. சுட்டியை விடாதே." நான் படிக்கவே இல்ல.

உன்கிட்ட பிடுங்கின அந்த 500 ரூபா உன் தங்கச்சி வளைகாப்புக்கு அம்மா கொடுத்த சீட்டுப் பணம்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் வாங்கினேன். டிக்கெட் இல்லாம எழும்பூர் வரைக்கும் ரயில்ல வந்தப்ப நீ வாயே திறக்கல, நானும் கேக்கல. ஊர்ல போய் எப்படிச் சமாளிச்சே? வேற எதையும் எழுதாட்டியும் பரவாயில்ல, அதை எழுது.

உன்,
கறுப்பன் கட்சிக்காரன்