அந்த ரிப் எதற்கு என்று ட்ராயிங்கில் எழுதிவை

அன்பு மகள் கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. குரல் ரொம்பக் கம்மியிருந்தது உனக்கு. "யார் கண்ணுக்கும் தெரியாத பாகம்பா இது, இதுக்குப் போய் மூணு மாசமா சண்டை போட்டுட்டிருக்கேன்" என்று சொன்னாய் பார், அதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. காருக்குள்ளே ஜன்னல் ஓரத் தூணை மூடுகிற பிளாஸ்டிக் கவர், அதன் பின்னால் ரிப் என்கிற மெல்லிய பட்டைகள், கவருக்கும் தூணின் தகட்டுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடம், இதற்காகத்தானே இந்தச் சண்டை. போனில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன், நடுவில் அம்மா போனை வாங்கிக்கொள்வாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், டீ குடிக்கும்போது படி.

முதலில் அம்மாவின் தழும்பு. இடது புருவத்துக்கு மேலே இருக்கிறதே, சின்ன வயசில் கேட்டால் கல்லில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுவாள். அது கல் இல்லை. 1993-ல் கல்யாணமான புதிது, வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கு ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போனோம். திருவொற்றியூர் தேரடி கிட்ட ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டு வண்டியைத் திருப்பினார். வேகம் 20 கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. நாங்கள் பின் சீட்டில். அந்த டிரைவர் பை மாட்ட வசதியாக ஜன்னல் ஓரத் தூணில் ஒரு இரும்புக் கொக்கியை ஸ்க்ரூ போட்டு முடுக்கி வைத்திருந்தார். அம்மாவின் தலை போய் நேராக அதில்தான் இடித்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை, சைக்கிள்காரருக்கும் ஒன்றும் இல்லை, அவளுக்கு ஐந்து தையல். கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி. வெளியே எதுவுமே மோதவில்லை கயல், வண்டிக்குள்ளே இருந்த ஒரு பொருள்தான் அடித்தது.

நீ வேலையில் சேர்ந்த பிறகு, கைக்கும் தலைக்கும் எட்டுகிற கெட்டியான பாகத்தின் விளிம்பு 2.5 மில்லிமீட்டர் ரேடியஸுக்குக் குறையக் கூடாது என்று ஐரோப்பிய விதி இருக்கிறது என்று சொன்னாயே, அன்றைக்கு நான் அந்தக் கொக்கியைத்தான் நினைத்துக்கொண்டேன். 2.5 ரேடியஸ் போடுவது பிளாஸ்டிக் வார்க்கிற மோல்டில் ஒரு வேலையே இல்லை. உருண்டை முனை இருக்கிற பால் நோஸ் கட்டரை ஒரு ஓட்டு ஓட்டினால் வந்துவிடும். அவ்வளவு சின்ன விஷயம்.

இப்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது, நான் மோல்டு வேலை பார்த்த திருவொற்றியூர் ஷெட்டில் ஒரு மோல்டு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் வருகிற பெரிய கவர். முகம் பளபளப்பாக இருக்கணும், பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ரிப். கவரின் சுவர் தடிமன் 2.5 மில்லிமீட்டர், ரிப் தடிமன் 2. உனக்கே தெரியும், ரிப் அவ்வளவு தடியாக இருந்தால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் மெதுவாக ஆறி உள்ளே இழுக்கும், முகத்தில் வரிவரியாகக் குழி விழும். முதல் ட்ரையல் ஷாட்டில் வந்த பீஸை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தோம், எலும்பு தெரிகிற மாதிரி அத்தனை ரிப்பும் முன்பக்கம் தெரிந்தது. சரியான வைத்தியம் ரிப்பை 1.2-க்கு மெலிதாக்குவது. ஆனால் அதற்கு மோல்டின் உள்பாதியான கோரில் ரிப்புக்காக வெட்டியிருக்கிற காடி எல்லாவற்றையும் வெல்டு போட்டு அடைத்து, புதுசாக காப்பர் எலக்ட்ரோட் வெட்டி, மறுபடி ஸ்பார்க் மெஷினில் போட்டுக் காடி எடுக்க வேண்டும். ஐந்து நாள் வேலை. பார்ட்டிக்குத் திங்கட்கிழமை பீஸ் வேண்டும். முதலாளி வந்து பார்த்தார், "பாதி ரிப்பை அடைச்சிடு, பின்னாடி யார் பார்க்கப்போறா" என்றார். நானும் அடைத்தேன். பதினெட்டு காடியில் ஒன்பது. வெல்டு போட்டு, கிரைண்டிங் பிடித்து, கல் போட்டுத் தேய்த்து, அங்கே ஒரு காடி இருந்தது என்றே தெரியாதபடி முடித்தேன். அடுத்த ஷாட் கண்ணாடி மாதிரி வந்தது. பார்ட்டியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வந்தது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது மொபைலில் ஒரு வீடியோ காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? மோதல் சோதனைப் பொம்மையின் முழங்கால் போய் கவரில் இடிக்க, பின்னால் இருக்கிற ரிப் எல்லாம் ஒவ்வொன்றாக மடிந்து மடிந்து உட்கார்ந்தது. "இது இப்படி மடியறதுக்குத்தான்பா, இல்லன்னா தொடை எலும்புக்கு அடி போயிடும்" என்றாய். நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு வெற்றிலை போட வேண்டும்போல என்று நீ நினைத்திருப்பாய். இருபது வருஷமாக அந்த ரிப் பிளாஸ்டிக் வளையாமல் இருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியை வாங்கினவர்கள் யார், எங்கே ஓட்டினார்கள், ஒன்றும் தெரியாது. தெரியாதது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. நீ சொன்ன கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தேன். தலைக்கான சோதனையில் நாலரைக் கிலோ தலை உருவத்தை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் தூண் மேல் எறிகிறார்கள் என்றாய். அது நொடிக்கு 6.7 மீட்டர். நம் வீட்டுப் பரண் உயரம் ஏழேகால் அடி, அங்கிருந்து நாலரைக் கிலோ பூசணிக்காய் விழுந்தால் தரைக்கு வரும்போது ஏறக்குறைய அதே வேகம்தான். தகட்டை ஒட்டியே கவர் இருந்து 5 மில்லிமீட்டருக்குள் தலை நின்றுவிட்டால், அடி சீராக விழுந்தாலே 450 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 450 மடங்கு வருகிறது. 25 மில்லிமீட்டர் கிடைத்தால் 90 ஜி. அதே தலை, அதே வேகம், ஒரு அங்குல இடம், அடி ஐந்தில் ஒரு பங்கு. டேஷ்போர்டு சோதனையில் 80 ஜிக்கு மேல் தொடர்ந்து 3 மில்லி விநாடிக்கு மேல் போகக் கூடாது என்கிற விதியை இதோடு வைத்துப் பார்த்தால்தான், நீ ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்று புரிந்தது. அதுவும் கவருக்குப் பின்னால் வைக்கிற ஃபோம் முழுசாக நசுங்காது, கடைசிப் பகுதி கட்டியாகி நின்றுவிடும், 25 கொடுத்தால் 25-ம் கைக்கு வராது என்று வேறு சொன்னாய்.

காசிமேட்டில் படகு ஓரத்தில் பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, இதுவும் அந்த மாதிரிதானே என்று அன்றைக்குக் கேட்டேன். நீ இல்லை என்றாய், எனக்கு உடனே பிடிபடவில்லை. போன வாரம் மீன் வாங்கப் போனபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அலை தள்ளும்போது டயர் அமுங்குகிறது, அமுங்கின வேகத்தில் படகை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. படகுக்கு அது சரி. தலையை அப்படித் தள்ளினால் கழுத்து என்ன ஆகும்? வாங்கின அடியைத் திருப்பிக் கொடுக்காமல் தானே மடிந்து, நசுங்கி, அப்படியே கிடக்க வேண்டும். அதே சமயம் உடைந்து சில்லாகவும் கூடாது, உடைந்த பிளாஸ்டிக் முனை கத்தி மாதிரி. நம் ஊர் வெயிலில் இளகி, குளிரான ஊரில் இறுகி, இரண்டிலும் ஒழுங்காக மடிய வேண்டும். ஒரு மெல்லிய ரிப்பிடம் இவ்வளவு கேட்கிறீர்கள். பின்னாடி யார் பார்க்கப்போறா என்று சொல்கிற பாகமா அது?

நீ ஒரு தடவை சொன்ன ஹியூ டிஹேவன் கதையையும் தேடிப் படித்தேன். 1917-ல் விமானப் பயிற்சியில் இரண்டு விமானம் மோதிக் கீழே விழுந்து பிழைத்தவர். வயிற்றுக்குள் பட்ட காயத்துக்கு அவருடைய பெல்ட்டின் கூரான பக்கிள்தான் காரணம் என்று யோசித்து, பிற்பாடு 50 அடி, 100 அடி, 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் சாகாதவர்களைத் தேடிப்பிடித்து, எதன்மேல் விழுந்தார்கள், அது எவ்வளவு அமுங்கியது என்று கணக்கெடுத்து 1942-ல் எழுதினார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன், "அவருக்கும் என்னை மாதிரி ஒரு கொக்கிதான்" என்றாள். தூணுக்கும் கூரை ஓரத்துக்கும் அமெரிக்காவிலேயே 1995-ல்தான் விதி போட்டார்கள் என்றால், இத்தனை வருஷம் எத்தனை பேர் நெற்றி.

சரி, உன் சண்டைக்கு வருகிறேன். தூண் கவரைத் தகட்டோடு ஒட்டிப் போடு, உள்ளே இடம் கூடும், பார்க்க ஒல்லியாக இருக்கும் என்று உன்னோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முன்தூண் தடியாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு டூவீலரே மறைந்துபோகும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே புகுந்து வருகிற பையன்களை நினைத்தால் அதுவும் பயமாகத்தான் இருக்கிறது. பார்வைக்காகக் கேட்டால் உட்கார்ந்து பேசு, ரிப்பின் உயரத்தை மாற்றிப் பார், வேறு ஃபோம் பார், எங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று பார். அழகுக்காகவும் கிலோவுக்கு இத்தனை ரூபாய் மிச்சம் என்பதற்காகவும் கேட்டால் விடாதே. சோதனை ரிசல்ட்டை மேஜையில் வை. சத்தம் போடாதே, நீ சத்தம் போட்டால் அழுதுவிடுவாய், நம் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்.

ஆனால் மீட்டிங்கில் ஜெயித்தால் மட்டும் போதாது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நீ அங்கே ஜெயித்த ரிப் என்னை மாதிரி ஒருத்தன் கையில் போய்த்தான் நிற்கும். சனிக்கிழமை ராத்திரி, முகத்தில் குழி விழுகிறது, திங்கட்கிழமை பீஸ் வேண்டும், முதலாளி அடைக்கச் சொல்கிறார். அந்த நேரத்தில் அவன் கண் முன்னால் உன் காரணம் இருக்காது. இப்போதெல்லாம் 3டி டேட்டாவை மட்டும் அனுப்பிவிடுகிறீர்கள், அதில் அளவு இருக்கும், ஏன் என்று இருக்காது. எங்கள் காலத்து ட்ராயிங்கில் ஓரத்தில் குறிப்பு எழுத இடமாவது இருந்தது, அதிலும் அந்த ரிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன் கயல், அம்மாவின் நெற்றியைத் தினமும் பார்க்கிறவன் நான்.

அதனால் ஒவ்வொரு தூண் கவர் டேட்டாவோடும் ஒரு தாள் போகட்டும். "இந்த ரிப் தலைக்காக. எங்களைக் கேட்காமல் அடைக்காதே, மெலிதாக்காதே, தடியாக்காதே." அவ்வளவுதான். இங்கிலீஷில் மட்டும் வேண்டாம், டூல் ரூமில் நிற்கிற பையன் படிக்கிற மொழியில் எழுது, புனே பக்கம் சாகனில் மராத்தி என்றால் மராத்தி, இங்கே என்றால் தமிழ். முடிந்தால் அந்த முழங்கால் வீடியோவை அவர்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு. முப்பது நொடிதானே. அதைப் பார்த்தவன் யாரும் கிரைண்டரை எடுக்க மாட்டான்.

இன்னொன்று, உன் மாமா புது வண்டி வாங்கியிருக்கிறார். முன் சீட்டுக்கு எதிரே ஏர்பேக் என்று எழுதியிருக்கிற மூடிக்கு மேலேயே ஒரு பித்தளைப் பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார். ஏர்பேக் வெடித்துத் திறந்தால் பிள்ளையார் நேராக அக்கா முகத்துக்குத்தான் வருவார் என்று சொன்னேன், சாமி விஷயத்தில் பேசாதே என்று கோபித்துக்கொண்டார். பிறகு அம்மா போய்த் தன் புருவத்தைக் காட்டினாள். இப்போது பிள்ளையார் அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறார், வண்டியில் ஒரு சின்னப் படம் ஸ்டிக்கராக.

பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடு, அங்கே கேப் பிடித்துப் போகும்போது பெல்ட் சீட்டுக்கு அடியில் சொருகியிருந்தால் எடுக்கச் சொல்லிவிட்டு ஏறு. நெத்திலிக் கருவாடு வாங்கிக் காயவைத்தாயிற்று, மாடி வீட்டுத் தம்பி பத்தாம் தேதி அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன், மூடிய டப்பாவில் வை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங் முடிந்ததும் அந்த 25 மில்லிமீட்டர் என்ன ஆயிற்று என்று ஒரு வரி அனுப்பு. எத்தனை மணி ஆனாலும் பரவாயில்லை, முழித்திருப்பேன்.

அப்பா
தண்டையார்பேட்டை