பொப்பிக் கணக்குப் பேரேடுகள் யாரிடம் இருக்கின்றன? முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கங்களின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். நவம்பரில் விகாரமகாதேவி பூங்கா நினைவுத்தூபியில் மலர்வளையம் வைக்கும் ஏற்பாடுகளோடு, காரியாலயத்து அலுமாரியையும் ஒருமுறை திறந்து பார்க்கும்படி கேட்கவே இதை எழுதுகிறோம்.

1931இல் ஏலியன் பெரேரா என்ற முன்னாள் படைவீரர், பொப்பி நாளன்று, அதாவது போரில் இறந்தோரை நினைத்துப் பொப்பிப்பூ விற்றுப் படைவீரருக்குக் காசு சேர்க்கும் நவம்பர் 11இல், பொப்பிக்குப் போட்டியாகப் பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். இங்கே சேரும் காசு பிரித்தானியப் படைவீரருக்குப் போகிறது, நம் ஆட்களுக்கு இல்லை என்பதுதான் அவருடைய முறைப்பாடு. 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை இதுபற்றிப் பத்திரிகையில் எழுதிய பிறகு தென் கொழும்பு இளைஞர் லீக் அதைக் கையிலெடுத்தது. பூவரசம்பூவின் சிங்களப் பெயரால் சூரியமல் இயக்கம் என்று அது வளர்ந்தது அப்படித்தான். 1934-35 மலேரியாக் காலத்தில் கிராமங்களுக்கு நிவாரணம் கொண்டுபோனவர்களும் அந்த இயக்கத்தாரே. அரசியல் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சண்டை தொடங்கியது ஒரு கணக்கில்: எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கப்பலேறியது, எவ்வளவு இங்குள்ள விதவைகளுக்குக் கிடைத்தது? இதற்குப் பேச்சுகள் பதில் தராது, பேரேடுதான் தரும். அந்தக் காலத்துப் பேரேடோ கூட்டக் குறிப்பேடோ உங்களில் யாரிடமாவது இருந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். குழுப் படங்கள் பிறகு.

கொழும்பில் காகிதத்துக்கு எதிரி ஈரப்பதன். 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் வளரும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டை வெறுமையாக விடுங்கள், கறையானும் வெள்ளமும் அங்கிருந்துதான் தொடங்கும். பூச்சியுருண்டை பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது, அறைக்குள் நிற்பவருக்குத் தலையிடிதான். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயவைக்கவே வேண்டாம். அட்டை வளைந்துவிடும், மை மங்கும். மின்விசிறிக் காற்றில் வைத்து, பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு மையொற்றுத் தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டிருங்கள். இரண்டு நாளைக்குள் ஈரம் இறங்காவிட்டால் பூஞ்சணம் வந்துவிடும்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பியை இழுத்தால் தாள் கிழியும். பின்பக்கத்தில் கம்பியை மெல்ல நிமிர்த்தி எடுத்த பிறகு, நூலால் கட்டுங்கள் அல்லது தாளுறையில் போடுங்கள். கிழிசலுக்குச் செலோரேப் வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகி, பசை எழுத்துக்குள் ஊறிவிடும். லமினேட் செய்வது அதைவிட மோசம். 'பாதுகாப்பாக இருக்கும்' என்று யாரோ நல்லெண்ணத்தில் கொண்டுபோய்ச் செய்துவிடுவார்கள், பிறகு அந்தத் தாளைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

பதக்கங்களுக்கும் ஒரு சொல். 1914-18 போருக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சேவை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். அணிவகுப்புக்கு முதல்நாள் பிராசோ மெருகுத் திரவம் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அழிவது அந்த விளிம்புதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானியர் கொடுத்த நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. அவற்றோடு வந்த கடிதத்தைத் தொலைத்தால் யாருடையது என்று சொல்ல முடியாது.

ஸ்கேன் பண்ணும்போது எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், படத்துக்கு 600. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்து, பார்வைக்குச் சிறிய ஜேபெக் (JPEG) கோப்பு எடுங்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறொரு கட்டடத்தில். செயலாளரின் மடிக்கணினியில் மட்டும் இருப்பதைப் பிரதி என்று கணக்கிட வேண்டாம்.

இனி, மிகவும் சிக்கலான வேலை: பெயர்ப் பட்டியல். ஆங்கிலப் பதிவேட்டில் ஒரே கந்தையா செல்லத்துரை 'சி'யிலும் இருப்பார், 'எஸ்'ஸிலும் இருப்பார்; தகப்பன் பெயரைக் குடும்பப் பெயரென்று எழுதுநர் நினைத்திருந்தால் 'கே'யில் போயிருப்பார். மலாய்க்காரரில் பலர் முன்னால் வரும் 'துவான்' காரணமாக 'டி'க்குள் குவிந்திருப்பார்கள். ஆகவே அகரவரிசையை நம்பாமல் சேவை இலக்கத்தையும் படைப்பிரிவையும் வைத்து ஆளைப் பிடியுங்கள். மூலத்தில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு நிரலில் வையுங்கள், திருத்த வேண்டாம். தமிழில், சிங்களத்தில் பெயரை அடுத்தடுத்த நிரல்களில் எழுதுங்கள். படைவீரர் சங்கம் என்றதும் தமிழ் வீடுகளில் வேறு நினைவுகள்தான் வரும். அதை மறைக்க ஒன்றுமில்லை. அதனாலேயே, உலகப் போர்களுக்குப் போன பூட்டனின் பெயரைத் தேடி ஒரு தமிழ்க் குடும்பம் உங்கள் வாசலுக்கு வருவது கடினம். பட்டியலைத் தமிழில் வெளியிட்டால், உங்கள் வாசலுக்கு வராமலே அவர்கள் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இடமோ ஆளோ இல்லாத சங்கங்கள் தேசிய சுவடிகள் காப்பகத்தோடு எழுத்தில் பேசலாம். அது இருக்கும் வீதிக்கு இப்போது இடதுசாரித் தலைவர் பிலிப் குணவர்தனவின் பெயர். சூரியமல் இயக்கத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர். பொப்பிக் கணக்கு அங்கே போய்ச் சேர்வது பொருத்தம்தான். ஒப்படைக்க முன் பக்க எண்ணிட்டு, இரண்டு பேர் கையொப்பத்தோடு ஒரு பட்டியல் தயாரியுங்கள். யார் பார்க்கலாம், ஓய்வூதிய விபரமும் மருத்துவ விபரமும் உள்ள தாள்கள் எத்தனை வருடம் மூடியிருக்க வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு பேரை நியமித்து, 1945க்கு முந்திய பேரேடுகள் எத்தனை, எந்த நிலையில் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால், மற்றதற்கு எங்கள் கைகளும் வரும்.

இப்படிக்கு,
கொழும்பில் பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் சிலர்